ஆலோசகர் யார்? அவர்தம் பணி யாது?

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், கடந்த 25 ஆண்டுகளில் நாம் பெற்ற வெற்றிகளைப் பிற கட்டுரையாளர்கள் இம்மலரில் எடுத்துரைத்திருப்பார்கள். நாமோ ஒரு தோல்வியை நினைவூட்டித் தொடங்க விரும்புகிறோம். அத்தோல்வியை வரலாற்றின் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், தோட்ட லைன்களில் வாழும் நம் பெண்பிள்ளைகள் மேல்நிலைக் கல்வி பெறுவதற்கென விடுதி ஒன்று கட்ட எண்ணினோம். வெளிநாட்டு நிதி பெற்றுத் தருவதாக ஆலோசகர் ஒருவர் முன்வந்தார். கிடைக்கும் தொகையில் பத்தில் ஒரு பங்கு தமக்கு வேண்டும் என்றார், முன்பணமும் பெற்றார். நாற்பது பக்க ஆங்கில விண்ணப்பம் ஒன்று வந்தது. அப்பொழுது சங்கத்தின் செயலாளர் பொறுப்பிலிருந்த நாம் கடைசிப் பக்கத்தை மட்டும் திருப்பிக் கையொப்பமிட்டோம். நிதி வரவில்லை. அது பெரிதன்று. சில ஆண்டுகள் கழித்து, கல்லூரியில் பயின்ற நம் சமுதாயப் பெண்ணொருத்தி அவ்விண்ணப்பத்தின் படியை எடுத்துக் கூட்டத்தில் தமிழில் படித்துக் காட்டினாள். குடியால் சீரழிந்த மக்கள் என்றும், பெண்மக்களைப் படிக்க வைக்க மனமில்லாத பெற்றோர் என்றும் அதில் நம்மைப்பற்றி எழுதப்பட்டிருந்தது. கொழுந்து பறித்த காசில் மூன்று பெண்களைப் படிக்க வைத்த தாயொருவர் எழுந்து, "நாங்களா சார் புள்ளைய படிக்க வைக்க மாட்டோம்னு சொன்னோம்?" என்று கேட்டார். நமக்கு விடை கிட்டவில்லை. கையொப்பம் நம்முடையதாயிற்றே!

அன்று தொட்டு நம் நெஞ்சில் நிற்கும் வினா இதுதான். பிறர் உதவியை நாடும் ஒரு சமுதாயம், அவ்வுதவிக்கு வழிகாட்ட வருபவரின் பணியை எவ்வாறு வரையறுப்பது? இவ்வினாவிற்கு நீலகிரியின் வரலாற்றிலேயே பாடங்கள் உள்ளன.

முதற்பாடம்: கோரிக்கையை நாமே எழுதினோம்

பண்டிதர் அயோத்திதாசர் தம் இளமையைக் கழித்தது இம்மலைகளிலேதான். 1870-களில் அவர் அத்வைதானந்த சபையை நிறுவியதும் இங்கேதான். இரட்டைமலை சீனிவாசனார் சென்னை சென்று 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்குமுன், நீலகிரியில் ஆங்கிலேயர் வணிக நிலையத்தில் கணக்கராய்ப் பணியாற்றியவர். ஆங்கிலேயர் குடியேற்றமும், படைமுகாம்களும், தோட்டங்களும் உண்டாக்கிய வேலைவாய்ப்பினால் சமவெளியின் கட்டுக்களிலிருந்து சற்றே விலகி நிற்க நம் முன்னோர்க்கு இம்மலை இடமளித்தது என்பதை இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

1891-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மாநாடு கூடிற்று. பத்துத் தீர்மானங்கள் நிறைவேறின. நம் பிள்ளைகளுக்குப் பள்ளி, தேறிய மாணவர்க்கு உதவித்தொகை, கற்றவர்க்கு அரசு அலுவல், பொதுக்கிணறு குளங்களில் நீர் எடுக்கும் உரிமை முதலியன அவற்றுள் அடங்கும். இத்தீர்மானங்களை நாம் ஊன்றிப் பார்க்க வேண்டும். இரக்கத்தைத் தூண்டும் சொற்களால் அவை ஆனவை அல்ல. இன்ன குறை, இன்ன பரிகாரம் என்று வரிசைப்படுத்திக் கேட்டவை. அவற்றை எழுதிக் கொடுக்க அயலார் எவரும் வரவில்லை.

மூன்றாண்டுகள் கழித்து, 1894-இல், பிரம்மஞான சபைத் தலைவராகிய அமெரிக்கர் கர்னல் ஆல்காட் அடையாற்றுப் பக்கத்தில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி ஒன்றைத் திறந்தார். காலப்போக்கில் அவை ஐந்து பள்ளிகளாயின. 1902-இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட சிறு நூல் இப்பள்ளிகளின் வரலாற்றையும் தேவையையும் வெளியுலகிற்கு எடுத்துரைத்தது. இன்றைய மொழியில் கூறுவதாயின் அதனை ஒரு திட்ட அறிக்கை என்றே சொல்லலாம். பள்ளிகளை மேற்பார்வையிட அமெரிக்காவிலிருந்து பால்மர் அம்மையார் வந்து சேர்ந்தார். கற்பிக்கும் முறையில் தேர்ந்தவர் என்பதால் அவர் அழைக்கப்பட்டார். அவர் செய்ய வேண்டிய வேலை பள்ளிக்குள்ளே இருந்தது. அன்று நடப்பட்ட கன்று இன்றும் சென்னைப் பெசன்ட் நகரில் ஆல்காட் நினைவுப் பள்ளியாய் நிற்கிறது.

வெளியாரின் உதவியே கூடாது என்று பேசுவோர்க்கு இது விடையாகும். உதவி தீதன்று. தேவையை எவர் எழுதினார், வந்தவர்க்கு எந்த வேலை ஒப்படைக்கப்பட்டது என்பனவே கேட்க வேண்டியவை.

இரண்டாம் பாடம்: அணையும் உருளைக்கிழங்கும்

இனி, விடுதலைக்குப் பிற்பட்ட காலத்திற்கு வருவோம். 1949 ஜனவரி 20-ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ட்ரூமன் தம் பதவியேற்பு உரையின் நான்காம் கூறாக, வளர்ச்சி குன்றிய நாடுகளுக்குத் தொழில்நுட்ப அறிவை வழங்கப்போவதாக அறிவித்தார். அடுத்த ஆண்டு ஜனவரியில் கொழும்பு நகரில் கூடிய காமன்வெல்த் நாடுகளின் மாநாட்டிலிருந்து கொழும்புத் திட்டம் பிறந்தது. பணத்தோடு வல்லுநரையும் அனுப்பும் முறை உலகெங்கும் பரவிற்று. 'ஆலோசகர்' என்னும் தனித்தொழிலும் அதனோடு வளர்ந்தது.

அவ்வலை நம் மலைக்கும் வந்தது. குந்தா நீர்மின் திட்டம் கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா நாட்டின் உதவியோடு அமைந்தது. முதல் இரண்டு மின்நிலையங்கள் 1960-இல் இயங்கத் தொடங்கின. அவலாஞ்சி, எமரால்டு நீர்த்தேக்கங்களைக் காணச் செல்லும் இளைஞர்கள் இவ்வரலாற்றை எண்ணிப் பார்ப்பது நன்று. பாறையின் உறுதி, நீரின் வீழ்ச்சி, சுழலியின் திறன் ஆகியன பொறியாளரின் கணக்கில் அடங்குவன. அவ்வேலையில் வல்லுநர்கள் குறை வைக்கவில்லை. ஆனால் அம்மின்சாரம் எவர் வீட்டு விளக்கில் முதலில் எரிய வேண்டும் என்பது அவர்களிடம் ஒப்படைக்கப்பட்ட வினா அன்று. நாம் சிறுவராயிருந்த காலத்தில், மலைச்சரிவில் மின்கம்பிகள் ஓடிக்கொண்டிருக்க, அவற்றின்கீழ் இருந்த நம் லைன் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கிலேதான் படித்தோம். கனடியரைக் குறைகூற நமக்குக் காரணமில்லை. கேட்கப்படாத வினாவிற்கு எந்த ஆலோசகரும் விடை எழுதுவதில்லை.

1960-களின் பிற்பகுதியில் இந்திய-ஜெர்மன் கூட்டுறவில் நீலகிரி வேளாண் வளர்ச்சித் திட்டம் வந்தது. ஜெர்மன் வல்லுநர்கள் உருளைக்கிழங்குச் சாகுபடியிலும், விதையிலும், உரத்திலும் கருத்துச் செலுத்தினர். விளைச்சலைப் பெருக்குவதே அவர்களுக்குரிய வேலை. விளைச்சல் பெருகினால் நிலமுடையார் பயன் பெறுவர். கைப்பிடி மண்ணும் சொந்தமில்லாத நம்மவர்க்குக் கிழங்கு தோண்டும் கூலிதான் மிச்சம். வேலையின் வரம்பை எழுதியபோதே பயனடைவோர் யார் என்பதும் எழுதப்பட்டுவிடுகிறது என்பதை இது காட்டுகிறது.

மூன்றாம் பாடம்: ஐந்து ரூபாய்க் கணக்கு

நம்மை மிக நெருங்கித் தொட்ட ஒரு நிகழ்ச்சியை இனிக் கூறுவோம். நம் இளைஞர்களுள் பலரும் இதனைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள்.

ரொனால்டு ரிட்கர் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர், குழந்தைப்பேற்றைத் தள்ளிப்போடும் குடும்பங்களுக்குப் பிற்காலத்தில் பணம் கிடைக்கச் செய்யும் கருத்தொன்றை 1960-களின் இறுதியில் முன்வைத்தார். அக்கருத்து செயலுருப்பெற்ற இடம் நீலகிரி. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்தியத் தோட்ட அதிபர் சங்கமாகிய உபாசியின் தொழிலாளர் நலத்திட்டத்தோடு இணைத்து, 1971-இல் மூன்று தேயிலைத் தோட்டங்களில் அது தொடங்கப்பட்டது. பெண் தொழிலாளி கருவுறாதிருக்கும் ஒவ்வொரு மாதத்திற்கும் 5 ரூபாய் வீதம் அவர் பெயரில் சேமிப்புக் கணக்கில் சேர்க்கப்படும். ஆண்டொன்றுக்கு 60 ரூபாய். மகப்பேற்றுப் பருவம் கடந்த பின்னரே அது அவர் கைக்கு வரும். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் குழந்தை பிறந்தால் சேர்ந்த தொகையில் ஒரு பகுதியை இழக்க நேரும்.

நடுநிலையோடு பேசுவோம். அக்காலத் தோட்ட நலத்திட்டத்தில் மருத்துவமும் பிள்ளைக் காப்பகமும் போன்ற நற்பணிகளும் சேர்ந்தே இருந்தன. அளவான குடும்பத்தால் நம் தாய்மார் அடைந்த நன்மையையும் நாம் மறுக்கவில்லை. முதுமைக்கென ஒரு சேமிப்பு என்பதும் நல்லதே. ஆனால் எண்ணிப் பாருங்கள். சமவெளியின் ஆதிதிராவிடக் குடும்பங்களும், 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோரும் நிறைந்தவை நம் தோட்டங்கள். அத்தோட்டப் பெண்களை அழைத்து, "உங்கள் தேவை யாது?" என்று வினவியிருந்தால், கருவறைக்கு ஒரு கணக்கேடு வேண்டும் என்று எவர் சொல்லியிருப்பார்? ஒழுகாத கூரையையும், குடிநீர்க் குழாயையும், உயர்நிலைப் பள்ளிக்குப் பேருந்தையும் அன்றோ கேட்டிருப்பர்!

இங்கே திட்டம் முதலில் பிறந்தது. இடம் பிறகு தேடப்பட்டது. மக்கள் இறுதியில் வந்து சேர்ந்தனர். ஆய்வுக் கட்டுரைகள் ஆங்கில ஏடுகளில் வெளியாயின. அவற்றில் நம் தாய்மார் எண்களாக இடம்பெற்றனர். வினா எழுப்புபவரும், விடை காண்பவரும், விளைவை மதிப்பிடுபவரும் வெளியாரேயாகும்போது இவ்வாறே நிகழும்.

நான்காம் பாடம்: கூடலூர்

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் நம் மாவட்டத்திலேயே உண்டு. 1980-களின் நடுவில் கூடலூர்ப் பகுதியில் பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் முதலிய பழங்குடி மக்களிடையே அக்கார்டு என்னும் அமைப்பு பணி தொடங்கிற்று. வெளிநாட்டு நிதியுதவி அதற்கும் இருந்தது. ஆயினும் ஊர்தோறும் சங்கம் கூடிப் பேசியபோது மக்கள் முன்வைத்தது நில உரிமை. ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் எழுந்தது. 1988 டிசம்பரில் ஆயிரக்கணக்கான பழங்குடியினர் நில உரிமை கேட்டுக் கூடலூர்த் தெருக்களில் அணிவகுத்தனர். பின்னர் எழுந்த ஆதிவாசி மருத்துவமனையில், வெளியிலிருந்து வந்த மருத்துவர்கள் தம் வேலையை நோய் தீர்ப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், பழங்குடிப் பெண்களைச் செவிலியராகப் பயிற்றுவித்தனர். தாம் நீங்கினும் பணி நிற்கவேண்டும் என்பதே அவ்வல்லுநர் பணியின் எல்லையாயிற்று.

மற்றொரு வியப்பையும் இங்குக் குறிப்பிடுவோம். 1990-களில் அவ்வமைப்பை நிறுவிய தெக்கேகரா இணையர் பிரிட்டனுக்கு அழைக்கப்பட்டு, கிளாஸ்கோ நகரத்து ஈஸ்டர்ஹவுஸ் போன்ற ஏழைக் குடியிருப்புகளைக் கண்டு கருத்துரைத்தனர். கூடலூரின் பட்டறிவு மேலைநாட்டிற்கு ஆலோசனையாய்ச் சென்றது. ஆலோசனை எப்பொழுதும் ஒரே திசையில்தான் பாயும் என்று எவரும் எண்ணற்க.

நாம் வகுக்க வேண்டிய வரையறை

நிற்க. நம் சங்கம் மீண்டும் பெண்கள் விடுதிக்கு விண்ணப்பிக்க முடிவு செய்துள்ளது. ஆகவே மேற்கண்ட பாடங்களை நம் காரியத்திற்குப் பொருத்திப் பார்ப்போம்.

ஆலோசகர் என்ற ஒரே பெயரால் நான்கு வேறு பணிகள் வழங்குகின்றன. தேவையைக் கணக்கெடுத்துத் தொகுப்பவர் ஒருவர். விண்ணப்பத்தை எழுதுபவர் ஒருவர். கட்டடம், மருத்துவம், கணக்கு போன்ற ஒரு துறையில் தேர்ந்த வல்லுநர் ஒருவர். நடந்து முடிந்ததை மதிப்பிடுபவர் ஒருவர். இந்நான்கையும் ஒருவரிடமே ஒப்படைப்பது, வினாத்தாளை எழுதியவரே தேர்வும் எழுதி விடைத்தாளும் திருத்துவது போன்றதாகும். ஆசிரியராகிய நமக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? குறிப்பாக, எழுதியவரே மதிப்பீட்டாளராகவும் வருதல் ஒருபோதும் கூடாது.

உலக வங்கி முதலிய பெரிய நிறுவனங்கள் ஆலோசகரை அமர்த்துமுன் 'டெர்ம்ஸ் ஆஃப் ரெஃபரன்ஸ்' என்னும் எழுத்தேடு ஒன்றை ஆயத்தம் செய்கின்றன. அதனை நாம் 'பணி வரையறை' எனலாம். கோடிக்கணக்கில் பணம் வைத்திருப்போரே இத்துணை எச்சரிக்கையாயிருக்க, சந்தாப் பணத்தில் நடக்கும் நாம் வெறும் வாய்ச்சொல்லை நம்பலாமா? பணி வரையறையில் கீழ்க்கண்டவை தெளிவாக இருத்தல் வேண்டும்.

ஒன்று, பணி எதற்காக என்பது. நம் விடுதியையே எடுத்துக்கொள்வோம். மலைச்சரிவில் கட்டடம் எழுப்ப மண்ணின் தன்மை அறிந்த பொறியாளர் தேவை. 2009 நவம்பரில் குன்னூர், உதகைப் பகுதிகளில் நேர்ந்த மண்சரிவுகளையும் உயிரிழப்புகளையும் நாம் மறந்துவிடவில்லை. மலையிடக் கட்டட விதிகளும் இங்குக் கடுமையானவை. ஆகவே இது நம்மால் இயலாத வேலை, வல்லுநர் வேண்டும். ஆனால் எந்தெந்த லைன்களில் எத்தனைப் பெண்கள் பத்தாம் வகுப்போடு நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்பதைக் கண்டறிய வெளியார் எதற்கு? நம் இளைஞர்கள் ஒரு மாதத்தில் வீடு வீடாகச் சென்று எழுதிவிடலாம். நமக்குத் தெரிந்ததற்குப் பணம் கொடுத்து அயலாரிடம் கேட்டறிதல் வீண்.

இரண்டு, அவர் ஒப்படைக்க வேண்டிய பொருள் என்ன, எத்தனை நாளில் என்பது. 'ஆலோசனை வழங்குதல்' என்று எழுதினால் போதாது. மண் ஆய்வு அறிக்கை, வரைபடம், செலவு மதிப்பீடு என்று பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும்.

மூன்று, கட்டணம். வேலை நாட்களுக்கு இவ்வளவு என்று முன்பே பேசி, வேலை முடிய முடியப் பகுதி பகுதியாகக் கொடுத்தல் வேண்டும். வரும் நிதியில் பங்கு என்பது கூடவே கூடாது. பங்கு பெறுபவர் தொகையைப் பெருக்கவே முயல்வார். தேவை பின்னுக்குத் தள்ளப்படும். சட்டமும் இதில் கருத்தில் கொள்ளத்தக்கது. வெளிநாட்டு நன்கொடை பற்றி 1976-இல் வந்த சட்டத்திற்குப் பதிலாக 2010-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. 2020-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பெற்ற நன்கொடையில் நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டிற்கு மிகலாகாது. முன்னர் அது 50 விழுக்காடாயிருந்தது. ஆலோசகர்க்குத் தரும் தொழிற்கட்டணம் பெரும்பாலும் இக்கணக்கிலேயே சேரும். மேலும், முறையான பதிவோ முன் அனுமதியோ இன்றி வெளிநாட்டு நன்கொடை பெறுதல் குற்றமாகும். நிதி கொண்டுவருவதாக ஒருவர் சொன்னால், முதலில் நம் பதிவு நிலையைப் பார்க்க வேண்டும்.

நான்கு, அவர் எவர்க்குப் பொறுப்பானவர் என்பது. செயற்குழுவிற்கே அவர் அறிக்கை தருதல் வேண்டும். அவர் திரட்டும் விவரங்களும் படங்களும் சங்கத்தின் உடைமை. நம் பிள்ளைகளின் படங்களை நம் இசைவின்றி எங்கும் பயன்படுத்தலாகாது.

ஐந்து, இதுவே தலையாயது. விண்ணப்பம் எம்மொழியில் அனுப்பப்படினும், அதன் தமிழ் வடிவம் பொதுக்குழுவில் உரக்கப் படிக்கப்படல் வேண்டும். நம்மைப்பற்றி எழுதப்பட்ட சொல் ஒவ்வொன்றையும் நாம் கேட்டு ஒப்பிய பின்னரே கையொப்பம். இவ்விதி அன்று இருந்திருந்தால், அந்தத் தாயின் முன் நாம் தலைகுனிந்து நின்றிருக்கமாட்டோம்.

இளைஞர்களுக்கு

அன்பார்ந்த இளைஞர்களே! பொறியியலும் சட்டமும் வணிகவியலும் கற்றோர் இன்று நம்மிடையே உள்ளனர். விண்ணப்பம் எழுதுதல் மந்திரவித்தை அன்று. குறை யாது, அதற்குச் சான்று யாது, செய்யப்போவது யாது, செலவு எவ்வளவு, பயன் கிட்டியதை எவ்வாறு அறிவது என்னும் ஐந்து வினாக்களுக்கு உண்மையான விடை எழுதுவதே அது. ஆங்கிலத்தில் பிழை நேரலாம். அதைத் திருத்த ஆளுண்டு. பொய் எழுதப்பட்டால் அதைத் திருத்த ஆளில்லை.

அடுத்த பொதுக்குழுவிற்குள் லைன் வாரியாகக் கணக்கெடுக்கும் பணியை இளைஞர் அணி ஏற்குமாறு வேண்டுகிறோம். அன்று கூட்டத்தில் எழுந்து கேட்ட அத்தாய், தம் லைனுக்குத் தாமே உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். விண்ணப்பத்தின் முதற்பக்கத்தை அவர்கள் சொல்லக்கேட்டு நம் பிள்ளைகள் எழுதட்டும். மண் ஆய்வுக்கும் வரைபடத்திற்கும் பொறியாளரை அழைப்போம். வந்தவரை மதிப்போடு நடத்துவோம். பேசிய கூலியைக் குறையாது கொடுப்போம். 1891-இல் இம்மலையில் கூடிய நம் முன்னோர் தம் கோரிக்கையைத் தாமே எழுதினர். நம் கோரிக்கையையும் நாமே எழுதுவோமாக.